கை ஓங்கியதால்

என் மனைவி நர்மதா மொத்தம் பன்னிரண்டு வருஷம் வேலைக்குப் போனாள். முதல் ஐந்து வருஷம் அரியலூரில் ஒரு கம்பெனி ஆபீஸ். மீதி ஏழு வருஷம் பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளி. போன ஆவணியில் காய்ச்சல் என்று படுத்தாள், ஐந்தாம் நாள் இல்லை. பேப்பரில் போடுகிற அளவுக்கு அவள் எதையும் செய்துவிடவில்லை. ஒரு சொல்லைத் தவறாக மொழிபெயர்த்தாள். பிறகு அதே சொல்லைச் சரியாக மொழிபெயர்த்தாள். இரண்டுக்கும் நடுவில் மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தை விட்டுவிட்டு அவளைப் பற்றி எழுதினால், அது வேறு யாரோ ஒருத்தியைப் பற்றி எழுதியதாக இருக்கும்.

ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயக் குடும்பம் அவளுடையது. வீட்டில் முதல் பட்டதாரி, அதுவும் எம்.ஏ. ஆங்கிலம். நான் பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு தா.பழூரில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு அரியலூரில் வீடு எடுத்தோம். குழந்தை இல்லை. பஸ்ஸில் போகும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளில் ஆங்கில எழுத்துப் பிழை தேடுவாள். வாயால் சொல்லமாட்டாள். என் கையில் விரலால் ஒரு தட்டு தட்டுவாள். ஒரு தட்டு என்றால் ஒரு பிழை. திருச்சி போய்ச் சேர்வதற்குள் கை சிவந்துவிடும்.

அவள் வேலை பார்த்த கம்பெனி, சிமெண்ட் மூட்டை ஏற்றுவதற்கு ஆட்களை அனுப்பும் கான்ட்ராக்ட் கம்பெனி. தலைமை அலுவலகம் புனேயில் இருந்தது. தொழிலாளர்கள் தமிழில் எழுதிப் பெட்டியில் போடும் மனுக்களை ஆங்கிலத்தில் மாற்றி, வெள்ளிக்கிழமை தோறும் புனேக்கு அனுப்ப வேண்டும். அந்த வேலை நர்மதாவுடையது. ஆபீசில் வேறு யாருக்கும் அவள் அளவுக்கு ஆங்கிலம் வராது. அதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. அதை மறைத்து எழுத வேண்டியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மனுக்கள். ஒன்பது புகார். மேஸ்திரி கெட்ட வார்த்தை பேசினார், ஷிப்டு மாற்றிப் போட்டார்கள், ஒருவன் இன்னொருவனைக் கன்னத்தில் அடித்துவிட்டான். இப்படியே படித்துக்கொண்டு வந்தவள் பத்தாவது மனுவை எடுத்தாள். பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் அய்யாக்கண்ணு நாற்பது பேருக்காக எழுதியது. உட்கார ஒரு நிழலும் குடிதண்ணீர்க் குழாயும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதன் முதல் வரி இது:

"பேக்கிங்கில் ராஜவேல் கை ஓங்கியதால் நாங்கள் இதை எழுதத் துணிந்தோம்."

எழுதிய அய்யாக்கண்ணு சொல்ல வந்தது, கூட மூட்டை ஏற்றும் ராஜவேல் அண்ணனுக்கு இப்போது செல்வாக்கு வந்துவிட்டது, அவர் இருக்கிற தைரியத்தில் கேட்கிறோம் என்பது. ஒன்பது புகார்களைப் படித்துவிட்டு வந்த நர்மதாவுக்கு அது பத்தாவது புகாராகத் தெரிந்தது. ராஜவேல் அடிக்கக் கையை ஓங்கினார், பொறுக்க முடியாமல் எழுதுகிறோம் என்று ஆங்கிலத்தில் டைப் அடித்து அனுப்பிவிட்டாள். தமிழ் தெரிந்த யாரும் அந்த வரியை இரண்டு விதமாகவும் படிக்கலாம். இதை அப்போதும் சொன்னேன். "ரெண்டு விதமா படிக்கலாம்னா ரெண்டு தடவை படிச்சிருக்கணும்ல?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ராஜவேலை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துப் புனேயிலிருந்து உத்தரவு வந்தது. சக தொழிலாளர்களைத் தாக்க முயன்றதாகக் காரணம். விசாரணைக்கு ஒரு அதிகாரி வருவார் என்றும் இருந்தது. புதன்கிழமை அய்யாக்கண்ணு ஆபீசுக்கு வந்து நர்மதாவின் மேசை முன்னால் நின்றார்.

"மேடம், நாங்க தண்ணி கேட்டுத்தான எழுதுனோம்? எங்க அண்ணன எதுக்கு நிறுத்தி வச்சாங்க?"

"அவரு அடிக்க வந்தாருன்னு நீங்கதான எழுதியிருந்தீங்க?"

"யாரு, நானா? அவரு கொசு கடிச்சாக்கூட அடிக்கமாட்டாரு மேடம். ஊதி விடுவாரு."

அவள் கோப்பை எடுத்து அந்த வரியைப் படித்தாள். அன்று மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே என்னிடம் சொன்னாள். "என்னங்க, ஒரு ஆளோட வேலைய நான் சாப்புட்டுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை செந்துறைக்கு அந்தப் பக்கம் ராஜவேலின் ஊருக்கு பைக்கில் போனோம். நாற்பது வயது இருக்கும் அவருக்கு. ஒல்லியாக, உயரமாக இருந்தார். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டே இருந்தார். நர்மதா நடந்ததைச் சொன்னாள். எதையும் குறைக்காமல், தன் பெயரையும் தான் அடித்த வரியையும் சொன்னாள். அவர் பேசுவதற்கு முன் அவர் மனைவி கண்ணகி பேசினாள்.

"ஒத்த வார்த்தைக்கு இங்கிலீஷ் தெரியாமலாம்மா உங்கள ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்கார வச்சிருக்காங்க? இவரு கை ஓங்குனாருன்னா, சோத்துல ஈ மொய்ச்சா ஓட்டுறதுக்கு ஓங்கியிருப்பாரு. பதினெட்டு வருஷமா பாக்குறேன், எம்மேல ஓங்குனதில்ல. ஓங்கித்தான் பாக்கட்டுமேன்னு நானே சில நாளு நெனச்சிருக்கேன்."

"ஏ, சும்மா இரு" என்றார் ராஜவேல். "அவங்களே வூடு தேடி வந்து சொல்றாங்க."

"வூடு தேடி வந்தா வேலை வந்துருமா?"

நர்மதா எழுந்து நின்றாள். "வரும்ங்க. அந்த அதிகாரி வர்றப்ப நானே சொல்றேன். நான்தான் தப்பா எழுதுனேன்னு சொல்றேன். இனிமே ஒரு வார்த்தைகூட மாத்தமாட்டேன்."

திரும்பி வரும்போது ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒதுங்கி, புழுதி அடங்கும்வரை நின்று, மெல்ல வந்தோம். என் முதுகில் அவள் நெற்றி ஒட்டிக்கொண்டிருந்ததை மட்டும் உணர்ந்தேன்.

அதற்குப் பிறகான நாட்களில் சரியான சொல்லைத் தேடினாள். 'அப்பர் ஹேண்ட்' என்று சொல்லிவிடலாமே என்றேன். எனக்கே தெரிந்த சொல் அது. வேண்டாம் என்றாள். புனே அதிகாரியின் மனதில் ஏற்கெனவே ஓங்கிய கை ஒன்று இருக்கிறது, மறுபடியும் கை என்று வந்தால் அவருக்கு அதே கைதான் தெரியும், கையே இல்லாத சொல் வேண்டும் என்றாள். கல்லூரியில் வாங்கிய அகராதியைச் சமையல் மேடையில் விரித்து வைத்துக்கொண்டு, குழம்பு கொதிக்கக் கொதிக்கப் பார்த்தாள். கடைசியில் 'அசெண்டன்சி' என்ற சொல்லில் வந்து நின்றாள்.

"ஏறுறதுங்கற வேர்லேர்ந்து வந்ததுங்க. மேலெழுறது, மேலோங்குறது. ஜாதகத்துல லக்னம்னு சொல்றோம்ல, அதுக்கும் இதே வேர்தான். நாம பொறக்குறப்ப கிழக்க எந்திரிச்சு வர்ற ராசி." அவள் முகம் தெளிந்திருந்தது. "எவ்வளவு நல்ல சொல்லு பாருங்க. சூரியன் எந்திரிக்கிற மாதிரி."

பிறகு அகராதியில் அடுத்த வரியைப் படித்தாள். "ஆதிக்கம்னும் போட்டிருக்கு."

"அதனால என்ன?"

"மேலோங்குறது நல்லதா கெட்டதா?"

"யாரு மேலோங்குறாங்கங்கறதப் பொறுத்தது" என்றேன். தமாஷாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

விசாரணை ஆபீஸின் பின்னறையில் நடந்தது. அதிகாரி ஐம்பது வயதுக்காரர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. மரியாதையான மனிதர், அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கச் சொன்னாராம். ஒரு பக்கம் ராஜவேல், இன்னொரு பக்கம் சாட்சியாக அய்யாக்கண்ணு, நடுவில் மொழிபெயர்க்க நர்மதா. தான் செய்த தவறை அவளே முதலில் சொன்னாள். இது அடிக்க ஓங்கிய கை இல்லை சார், இதன் பொருள் அசெண்டன்சி என்றாள். அவர் அந்தச் சொல்லைத் தன் போனில் தட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் படித்தார். பிறகு அய்யாக்கண்ணுவிடம் கேட்கச் சொன்னார். ராஜவேல் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்களா?

நர்மதா கேட்டாள். அய்யாக்கண்ணுவுக்கு ஒரே சந்தோஷம். அண்ணனைப் பற்றிப் பெரிய இடத்தில் நல்லதாகச் சொல்ல வாய்ப்பு வந்துவிட்டது.

"கேக்காம? அண்ணன் ஒரு வார்த்தை சொன்னா நாப்பது பேரும் கேப்போம். நல்லா அழுத்தமா சொல்லுங்க மேடம்."

அவள் சொன்னாள். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். இவர் இப்போது சொன்ன தமிழ்ச் சொல்லுக்கு, ராஜவேல் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்கள் என்று பொருளா, கீழ்ப்படிவார்கள் என்று பொருளா?

தமிழில் இரண்டுக்கும் கேட்பது என்றுதான் சொல்கிறோம். அந்த அறையில் அது தெரிந்தவர்கள் மூன்று பேர், அதில் ஆங்கிலமும் தெரிந்தவள் அவள் ஒருத்தி. காதால் கேட்பார்கள் என்று அவள் சொல்லியிருந்தால் அது பொய் ஆகாது. யாரும் பிழை என்று சொல்லியிருக்க முடியாது. அவள் அய்யாக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தாளாம். அழுத்தமா சொல்லுங்க என்று அவர் கண்ணாலேயே சொன்னாராம்.

கீழ்ப்படிவார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

வேலையை நிறுத்தச் சொன்னால்? நிறுத்திவிடுவார்கள் என்று அதையும் சொன்னாள்.

அன்று மாலை இதையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் வந்தது. "கேக்குறதுன்னா காதால கேக்குறதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

"அய்யாக்கண்ணு அப்புடிச் சொல்லலைங்களே."

"அவன் என்ன சொன்னா என்ன? ஒரு குடும்பம் நடுத்தெருவுல நிக்கிது."

"போன தடவை அவங்க சொல்லாதத நான் சொன்னதாலதான் இது வந்துச்சு."

"உனக்கு உன் இங்கிலீஷ் பெருசாப் போச்சு" என்றேன்.

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்கப்புறம் எப்போதுமே. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் எப்போதும் போல டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தாள். ஆனால் அந்த அறையில் நடந்ததைப் பற்றி மறுபடி ஒரு தரம்கூட என்னிடம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டில் ஒரு அறையைப் பூட்டிவிட்டுச் சாவி எங்கே என்று இரண்டு பேருமே கேட்காமல் இருப்பது போல அது ஆகிவிட்டது.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. ராஜவேல் யாரையும் தாக்க முயலவில்லை என்று கம்பெனி ஏற்றுக்கொண்டது, முந்தைய மொழிபெயர்ப்பு தவறு என்று பதிவானது. ஆனால் தொழிலாளர்கள் மீது அவருக்கு அளவுக்கு மீறிய அசெண்டன்சி இருப்பது தெரியவந்துள்ளதால் அவரை இனி வேலைக்கு வைத்துக்கொள்ள இயலாது. அவள் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்த சொல், எழுத்துப் பிழை இல்லாமல் அந்தக் கடிதத்தில் இருந்தது. கடைசி வரியில், மொழிபெயர்ப்பாளரின் நேர்மையைப் பாராட்டி ஒரு வாக்கியமும் இருந்தது. அந்தக் கடிதத்தையும் தமிழாக்கி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டியவள் அவள்தான். ஒட்டினாள். அசெண்டன்சிக்கு ஆதிக்கம் என்று எழுதினாள். வேறென்ன எழுதுவது.

அடுத்த மாதம் பேக்கிங் பிரிவில் தகரக் கொட்டகையும் தண்ணீர்க் குழாயும் போட்டார்கள். அய்யாக்கண்ணு ஆபீசுக்கு இனிப்புப் பொட்டலம் கொண்டு வந்தார். நர்மதாவின் மேசையை மட்டும் தாண்டிப் போனார். அவள் இராஜினாமாக் கடிதம் கொடுத்தது அதே வாரம்.

பெரம்பலூர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் ஆங்கிலம் எடுத்தாள். காலை ஏழே காலுக்கு பஸ். முதல் வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள் கைப்பையை வைத்துவிட்டு, "அவரும் இப்ப அந்த பஸ்லதான் வர்றாரு" என்றாள். யார் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. ராஜவேல் அரியலூருக்கே குடி வந்துவிட்டார், பெரம்பலூரில் ஒரு மக்காச்சோள குடோனில் மூட்டை தூக்குகிறார் என்பதெல்லாம் பிறகு வேறு ஆட்கள் மூலம் தெரிந்தது.

"பேசுனியா?"

"பின்னாடி போயி உக்காந்துட்டாரு. மூஞ்சத் திருப்பிக்கிட்டாரு."

ஏழு வருஷம் அதே பஸ். அவள் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட், அவர் கடைசி சீட். நடுவே கல்லூரிப் பிள்ளைகள், கூடைக்காரப் பெண்கள், வெங்காய மூட்டை. வேறு பஸ்ஸில் போயேன் என்று ஒரு முறை சொன்னேன். ஆறே முக்காலுக்கு ஒன்று உண்டு. "வேண்டாங்க, அவரு கண்ணுல படுற எடத்துலயே இருக்கேன்" என்றாள். என்றைக்காவது அவர் வந்து திட்டுவார் என்று எதிர்பார்த்தாளா, அல்லது அப்படி உட்கார்ந்திருப்பதே தனக்கு அவள் விதித்துக்கொண்ட தண்டனையா, எனக்குத் தெரியாது. அவளோடு வேலை பார்த்த தேவயானி டீச்சர் துக்கம் கேட்க வந்தபோது, வகுப்பில் எந்தப் பிள்ளை ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டாலும் நர்மதா ஒரே பொருளைச் சொல்லி நிறுத்தமாட்டாள் என்றார். இருக்கிற அத்தனையையும் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, அந்த வாக்கியத்தை இன்னொரு முறை படி என்பாளாம். பாடம் முடியவில்லை என்று தலைமையாசிரியை கோபித்துக்கொள்வாராம். இது அதுவரை எனக்குத் தெரியாது. பள்ளியில் நடப்பதையும் அவள் வீட்டில் அவ்வளவாகச் சொல்வதில்லை.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வாக்கில் வாசலில் ஒருவர் நின்றார். முடி நரைத்திருந்தது. ஆளை முதலில் தெரியவில்லை.

"சார், நான் ராஜவேல். டீச்சரம்மாவ பஸ்ல காணோம். லீவு போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். நேத்துதான் கண்டக்டர் சொன்னாரு."

உள்ளே கூப்பிட்டேன். அவள் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். நான்தான் முதலில் கேட்டேன்.

"ஏழு வருஷமா ஒரே பஸ்ல போயிருக்கீங்க. ஒருக்காகூட அவகிட்ட பேசலையே?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சார் பேசுறது?"

அவர் சொன்னதை நான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று திரும்பக் கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்காக வந்து அந்த ரூமுல உக்காந்து, என் தப்புதான்னு ஒத்துக்கிட்டாங்க. அவங்க வேலை போயிருக்கும்ல? அத நெனைக்காம பேசுனாங்க. நான்தான் சார் கெடுத்துப்புட்டேன். அய்யாக்கண்ணு பய, நாப்பது பேரும் அண்ணன் சொன்னா கேப்போம்னு சொல்றான். எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ மாதிரி ஆயிப்போச்சு. என்னத்த மறைக்க, நல்லா இருந்துச்சு. அந்த நேரம் பாத்து மீசைய இப்புடித் தடவிட்டேன். அந்தப் பெரிய ஆபீசர் அதப் பாத்துட்டாரு. பாத்துட்டு ஒரு கேள்வி கேட்டாரு, அப்பறம் எழுதுனாரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, வேலை போச்சுன்னு. அவ்வளவு கஷ்டப்பட்டு அவங்க பேசுனத ஒரு மீசையால கெடுத்துப்புட்டு, எப்புடிப் போயி வணக்கம் சொல்றது? அவங்க முன்னாடி உக்காந்திருப்பாங்க. நான் சன்னல் பக்கம் திரும்பிக்குவேன்."

"அவ அந்த ஆபீசர்கிட்ட என்ன சொன்னான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு என்ன சார் தெரியும் இங்கிலீஷு? எனக்காகத்தான் பேசுனாங்கன்னு தெரியும்."

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர் நினைத்திருந்தபடியே போயிருப்பார். ஆனால் நர்மதாவைப் பற்றி ஒன்றை மாற்றிச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதிகாரி கேட்டது என்ன, அதற்கு இரண்டு பொருள் எப்படி, அவள் எதைத் தேர்ந்தெடுத்தாள் என்பதைச் சொன்னேன். மற்றவர்கள் உங்களுக்குக் கீழ்ப்படிவார்கள் என்று சொன்னாள், அதனால்தான் வேலை போனது என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"சரியாத்தான சார் சொல்லியிருக்காங்க" என்றார். "நெசமாவே கேட்டானுங்க சார். நாப்பது பேரும் கேட்டானுங்க."

பிறகு எழுந்து, வரேன் சார் என்று போனார். வாசல்வரை போய் நின்றேன். வெயிலில் அவர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து போவது தெருமுனை வரைக்கும் தெரிந்தது. சரியாகத்தான் சொன்னாய் என்று அவளிடம் சொல்லக்கூடியவர்கள் இந்த ஏழு வருஷத்தில் இரண்டு பேர் இருந்தோம். ஒருவர் பஸ்ஸின் கடைசி சீட்டில். இன்னொருவன் இந்த வீட்டில்.